செவ்வாயில் உயிரா, வாழ்க்கையா?

ஆங்கிலத்தில் 'லைஃப்' என்று ஒரே சொல்லால் சொல்வதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று உயிர், மற்றது வாழ்க்கை. பாசிக்கு உயிர் உண்டு. அதற்கு வாழ்க்கை உண்டென்று யாரும் சொல்வதில்லை. "இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?" என்று அலுத்துக்கொள்கிறவரின் உடலில் உயிர் இருக்கத்தான் செய்கிறது. அவருக்கு இல்லாமல் போனது வேறொன்று. பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 1971இல் பாடிய 'லைஃப் ஆன் மார்ஸ்?' என்ற பாட்டின் தலைப்பைத் தமிழில் சொல்ல முயன்றால் முதல் சொல்லிலேயே நின்றுவிட வேண்டியிருக்கிறது. செவ்வாயில் உயிர் உண்டா? செவ்வாயில் வாழ்க்கை உண்டா? வேற்றுக்கிரக உயிர்களைப் பற்றிய ராக் பாடல்களைத் தொகுக்கிறவர்கள் தவறாமல் இதையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் முதல் பொருளைக் கொண்டுவிட்டார்கள். பாட்டு கேட்பது இரண்டாவது கேள்வியை. அரை நூற்றாண்டு கடந்தும் அது பழசாகாமல் இருப்பதற்குக் காரணமும் அந்த இரண்டாவது கேள்விதான்.

பாட்டுக்குள் விண்கலம் கிடையாது. பச்சை நிற மனிதர்கள் கிடையாது. செவ்வாய் என்ற சொல்லே பல்லவியின் கடைசியில்தான் வருகிறது. அதுவரை நாம் இருப்பது ஏதோ ஓர் இங்கிலாந்து ஊரின் சினிமா தியேட்டரில். மங்கலான பழுப்பு நிறத் தலைமுடி கொண்ட ஒரு சின்னப் பெண், வீட்டில் நடந்த சண்டையிலிருந்து கிளம்பி வருகிறாள். அம்மா கூடாது என்று கத்துகிறாள், அப்பா போய்விடு என்கிறார். கூட வரவேண்டிய சிநேகிதியையும் காணவில்லை. தனியே உள்ளே நடந்து, திரை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்கிறாள். படம் தொடங்குகிறது, கண்ணை எடுக்க முடியவில்லை, ஆனால் படம் அலுப்பாக இருக்கிறது. ஏன் அலுப்பு என்பதற்கு போவி சொல்லும் காரணத்தில்தான் பாட்டின் முடிச்சு இருக்கிறது. அவள் அந்தப் படத்தை முன்பே பலமுறை பார்த்துவிட்டாள் என்று அவர் எழுதவில்லை, பலமுறை வாழ்ந்துவிட்டாள் என்று எழுதுகிறார். திரையில் மாலுமிகள் நடன அரங்கில் அடித்துக்கொள்கிறார்கள், ஒரு போலீஸ்காரர் தப்பான ஆளைப் போட்டு அடிக்கிறார். வீட்டுச் சண்டையிலிருந்து தப்பி வந்தவளுக்குத் திரையிலும் சண்டைதான் கிடைக்கிறது. அந்தக் காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து உச்சத்துக்குப் போகும்போதுதான் செவ்வாயைப் பற்றிய கேள்வி வெடிக்கிறது. 'வாழ்ந்துவிட்டாள்' என்ற வினைச்சொல்லுக்கும் கேள்வியில் வரும் 'லைஃப்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வேர். இங்கே வாழ்ந்து வாழ்ந்து தேய்ந்துபோன ஒன்று அங்கேயாவது புதிதாகக் கிடைக்குமா என்று அவள் கேட்கிறாள்.

இரண்டாவது சரணத்தில் அந்தப் பெண் காணாமல் போகிறாள். அவள் இடத்தில் உலகத்துச் சாமான்கள் எல்லாம் வந்து குவிகின்றன. அமெரிக்கக் கார்ட்டூன் எலி, புகழுக்காக வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளர்கள், விற்பனைக்கு வந்துவிட்ட லெனன், இபிஸா தீவு முதல் நார்ஃபோக் நீர்நிலைகள் வரை விடுமுறைக்குப் படையெடுக்கும் பெருங்கூட்டம், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் பழைய பெருமைப் பாட்டு. லெனன் என்று காதில் விழும் பெயர் லெனின் என்றும் கேட்கும். பாடகரும் புரட்சிக்காரரும் ஒரே அலமாரியில் விலைச்சீட்டோடு நிற்கிறார்கள். இந்தக் குவியலின் முடிவில் படம் மறுபடியும் அலுப்பாகிறது. ஆனால் இந்த முறை காரணம் வேறு. பாடுகிறவர் 'அவள்' என்பதை விட்டு 'நான்' என்கிறார். இந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எழுதியதே நான்தான், இனியும் எழுதப்போகிறேன் என்கிறார். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பாட்டைக் கடந்துபோகக் கூடாது. முதல் சரணத்தில், பழைய படத்தையே காட்டும் உலகத்திடம் சிக்கிய பெண் இருந்தாள். இரண்டாவதில், அந்தப் பழைய படத்தைத் தயாரித்துக் கொடுக்கும் கலைஞன் தன் பங்கை ஒப்புக்கொள்கிறான். பார்க்கிறவளுக்கு மட்டுமல்ல, எழுதுகிறவனுக்கும் வெளியே போக வழியில்லை. அதே கேள்வி இரண்டாம் முறை வரும்போது அதைக் கேட்கும் குரல் இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது.

இந்தப் பாட்டு பிறந்த கதையும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1967இல் பிரெஞ்சுப் பாடகர் க்ளோத் ஃபிரான்ஸுவா 'கோம் தாபித்யூத்' என்றொரு பாட்டை வெளியிட்டார். 'வழக்கம்போல' என்று பொருள். அன்பு வற்றிப்போன இருவர் காலையில் எழுவது, நாளைக் கடத்துவது, இரவில் ஒன்றும் நடக்காததுபோல் படுப்பது என்று அலுத்துப்போன நாட்களைச் சொல்லும் பாட்டு அது. அப்போது பெயர் பெறாத இளைஞராக இருந்த போவி 1968இல் அந்த மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதிக்கொடுத்தார், அவை ஏற்கப்படவில்லை. பிறகு பால் ஆங்கா உரிமையை வாங்கி முற்றிலும் வேறு வரிகளை எழுத, ஃபிராங்க் சினாட்ரா குரலில் 1969இல் அது 'மை வே' ஆயிற்று. வாழ்க்கையைத் தன் இஷ்டப்படி வாழ்ந்து முடித்த ஒருவர் நெஞ்சு நிமிர்த்திப் பாடும் பாட்டு. போவிக்கு அந்த ஏமாற்றம் மறக்கவில்லை. 'லைஃப் ஆன் மார்ஸ்?' பாட்டை அதே போன்ற சுரக்கூட்டுகள் (கார்டுகள்) மேல் கட்டினார். 'ஹங்கி டோரி' ஆல்பத்தின் உறையில் இந்தப் பாட்டுக்கு அருகே 'ஃபிராங்கி' தந்த உந்துதல் என்று கையெழுத்தில் குறிப்பும் எழுதிவைத்தார். இதைப் பழிவாங்கலாக மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் அங்கே நடந்திருக்கிறது. தன் வழியில் வாழ்ந்ததாகப் பெருமைப்படுகிற ஆணின் பாட்டு இருந்த இடத்தில், தனக்கென்று வழியே திறக்காத ஒரு பெண்ணை அவர் உட்காரவைத்தார். தெரிந்தோ தெரியாமலோ, மெட்டின் மூலப் பாட்டில் இருந்த 'வழக்கம்போல' என்ற அலுப்பு சினாட்ராவின் வெற்றிப் பாட்டைத் தாண்டி வந்து போவியிடம் சேர்ந்துவிட்டது.

அப்படியானால் செவ்வாய் எதற்கு? சந்திரன் என்றோ சொர்க்கம் என்றோ சொல்லியிருக்கலாமே? பாட்டு வந்த ஆண்டைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 1969 ஜூலையில் சந்திரனில் மனிதன் இறங்கியதை உலகெங்கும் ஏறக்குறைய 60 கோடிப் பேர் டெலிவிஷனில் பார்த்ததாகக் கணக்கு. 1971க்குள் சந்திரப் பயணம் வாடிக்கையாகிவிட்டது. அந்த ஜூலையில் அப்பல்லோ 15 வீரர்கள் அங்கே வண்டியே ஓட்டினார்கள். சந்திரனும் பார்த்து முடித்த படமாகிவிட்டது. அடுத்த திரை செவ்வாய். அந்த ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு ஏறத்தாழ 5.6 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்து வானில் சிவப்பாகச் சுடர்ந்தது. 1924க்குப் பிறகு அது அவ்வளவு அருகே வந்ததில்லை. லண்டன் ஸோஹோ பகுதியின் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் இந்தப் பாட்டு ஒலிப்பதிவானதும் அதே கோடையில்தான். மே மாதத்தில் கிளம்பிய அமெரிக்காவின் மாரினர் 9, சோவியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 ஆகிய மூன்று கலங்களும் அப்போது வழியில் இருந்தன. நவம்பரில் மாரினர் 9 சுற்றுப்பாதையை அடைந்தபோது செவ்வாய் முழுவதும் புழுதிப்புயல் மூடியிருந்தது. டிசம்பர் 2 அன்று மார்ஸ் 3 தரையிறங்கி, பேசத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகுமுன் பேச்சிழந்தது. டிசம்பர் 17 அன்று 'ஹங்கி டோரி' கடைக்கு வந்தபோதும் மாரினரின் கேமராவுக்குப் புழுதிதான் தெரிந்துகொண்டிருந்தது. பாட்டையும் இந்தப் பயணங்களையும் காரணகாரியமாக முடிச்சுப்போட நான் விரும்பவில்லை. ஆனால் அன்று செவ்வாய் எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பது முக்கியம். மனிதன் உண்டாக்கிய படங்கள் இன்னும் நிரப்பிவிடாத, ஆனால் எந்த வாரமும் நிரப்பிவிடக்கூடிய கடைசி வெற்றுத்திரை அது.

அந்த வெற்றுத்திரையில் மனிதர்கள் தங்கள் கதையையே போட்டுப் பார்ப்பது புதிதல்ல. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி செவ்வாயில் கண்ட கோடுகளை 'கனாலி' என்றார். நீரோடும் தடம் என்று பொருள்படும் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது வெட்டப்பட்ட கால்வாய் ஆகிவிட்டது. பணக்கார அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் தன் செலவில் ஆய்வுக்கூடம் கட்டி, வறண்டு சாகும் கிரகம் முழுவதும் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய் வலையை வரைந்தார். ஒரு கிரகமே சேர்ந்து இந்த வேலையைச் செய்யவேண்டுமென்றால் அங்கே போர் ஒழிந்திருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். பூமியில் கிடைக்காத ஒற்றுமையை அவர் தொலைநோக்கியில் தேடினார். அதே காலத்தில் எச்.ஜி. வெல்ஸ் செவ்வாயிலிருந்து படையெடுத்து வருகிறவர்களைப் பற்றிய நாவலை எழுதினார். ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனிய மக்களுக்குச் செய்த கொடுமையை நாவலின் தொடக்கத்திலேயே அவர் நினைவூட்டுகிறார். ஒருவர் தன் காலத்தின் ஏக்கத்தைச் செவ்வாயில் கண்டார், மற்றவர் தன் நாட்டின் குற்றத்தைக் கண்டார். இருவருமே உயிரைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டு வாழ்க்கையைப் பற்றித்தான் கேட்டார்கள். 1965இல் மாரினர் 4 அனுப்பிய இருபத்திரண்டு படங்கள் அந்தக் கால்வாய்களை அழித்துவிட்டன. கணினி முதல் படத்தைத் தயாரித்து முடிக்கும்வரை பொறுக்கமுடியாத பொறியாளர்கள், கலம் அனுப்பிய எண்களைத் தாளில் அச்சிட்டு, எண்ணுக்கு ஒரு நிறமாக வண்ணக்கட்டியால் கையாலேயே தீட்டினார்கள். வேற்றுக் கிரகமொன்றை அருகிலிருந்து எடுத்த முதல் டெலிவிஷன் படம் இப்படிக் கையால் வரையப்பட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பின்னர் தெளிவாக வந்த படங்களில் தெரிந்தவை சந்திரனில் இருப்பதைப் போன்ற பள்ளங்கள். காற்றின் அழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. போவி பாட்டை எழுதியபோது, அங்கே ஊரும் கால்வாயும் இல்லை என்பது படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த பிறகும் அந்தப் பெண் கேட்கிறாள் என்றால் அவள் கேட்பது விஞ்ஞானத் தகவலை அல்ல.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்த வரிகளுக்கு அர்த்தமே தேடக் கூடாது, அவை கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டிச் செய்த படத்தொகுப்பு, சத்தத்துக்காகவும் ஆச்சரியத்துக்காகவும் சேர்க்கப்பட்டவை என்பார்கள். போவி இந்த ஒட்டுவேலையை விரும்பியவர் என்பதும் உண்மை. ஆனால் படத்தொகுப்பு என்பதாலேயே பொருளற்றது ஆகிவிடாது. ஒரு பெண் டெலிவிஷனையும் சினிமாவையும் பத்திரிகையையும் பார்த்து வளர்ந்தால் அவள் மனதில் உலகம் எப்படிக் கிடக்கும்? இப்படித்தான், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துண்டுகளாகக் கிடக்கும். வடிவமே விஷயத்தைச் சொல்கிறது. போவியும் ஆரம்பத்தில் இதை, ஊடகங்களைப் பார்த்து ஓர் இளம் மனம் கொள்ளும் எதிர்வினை என்றுதான் விளக்கினார். பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பெண் நிஜ உலகத்தில் ஏமாந்துபோனவள், வேறெங்கோ பெரிய வாழ்க்கை இருப்பதாக அவளுக்குச் சொல்லப்படுகிறது, அதற்குள் நுழைய வழி கிடைக்காமல் கசந்துபோகிறாள் என்ற பொருளில் பேசினார். பாடகர் சொன்னதே இறுதி உரை என்று ஏற்கவேண்டியதில்லை. ஆனால் பாட்டின் சரணங்களும் அதையே சொல்லும்போது தள்ளிவிடவும் காரணமில்லை.

போவி வேற்றுக்கிரகவாசிகளில் உண்மையாகவே ஊறிப்போனவர், ஆகவே இந்தப் பாட்டிலும் செவ்வாய் என்றால் செவ்வாய்தான் என்று இன்னொரு வாதம் வரலாம். 1972இல் 'ஸ்டார்மேன்' பாடினார், ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு சிவப்பு முடியோடு மேடையேறினார், 1976இல் நிக்கலஸ் ரோக் இயக்கிய 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்' படத்தில் வேற்றுக்கிரகவாசியாகவே நடித்தார். இவையெல்லாம் சரி. ஆனால் அவருடைய வேற்றுக்கிரகவாசிகள் எங்கே தென்படுகிறார்கள் என்று பாருங்கள். 'ஸ்டார்மேன்' ரேடியோ வழியே இளைஞர்களிடம் பேசுகிறார், அவர்கள் டெலிவிஷனிலும் அவரைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் புரிந்துகொள்ளாத பிள்ளைகளுக்கு ஒரு துணையாக அவர் வருகிறார். ரோக்கின் படத்தில் தண்ணீர் தேடி வறண்ட கிரகத்திலிருந்து வந்தவர் மதுவுக்கு அடிமையாகி, பல டெலிவிஷன் பெட்டிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு அவற்றின்முன் உறைந்துபோகிறார். மனைவி மக்கள் இருக்கும் ஊருக்குத் திரும்ப முடிவதே இல்லை. தியேட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணும் இவரும் ஒரே இருக்கையில் இருக்கிறார்கள். அவள் இங்கிருந்து அங்கே போக ஏங்கினாள். அங்கிருந்து வந்தவரும் இங்கே திரைக்கு முன்னால் மாட்டிக்கொண்டார். போவியின் விண்வெளி ஆர்வம் என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. தனித்துவிடப்பட்ட மனிதர்களைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு விண்வெளி ஒரு மொழியாக இருந்தது.

விஞ்ஞானத்தின் பக்கமிருந்து வரும் ஆட்சேபத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். உயிர் என்பது இவ்வளவு பெரிய கேள்வியாக இருக்க, அதை ஒரு பெண்ணின் மனச்சோர்வுக்குக் குறியீடாக்குவது அந்தத் தேடலைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா? அந்தத் தேடல் சிறியதல்ல. 1976இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களின் உயிர்ச் சோதனைகளில் ஒன்று உயிர் இருப்பதுபோன்ற எதிர்வினையைக் காட்டியது, கரிமப் பொருளைத் தேடிய கருவிக்கு ஒன்றும் அகப்படவில்லை, சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2021இல் ஜெஸெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்ஸிவரன்ஸ் ஊர்தி, 'சேயாவா ஃபால்ஸ்' என்று பெயரிடப்பட்ட பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற தடங்களை 2024இல் கண்டது. பூமியில் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் தடங்களை அவை ஒத்திருக்கின்றன, உயிரில்லாத வேதிவினையாலும் அப்படி ஆகியிருக்கலாம். நாளைக்கே அது நுண்ணுயிரின் வேலை என்று உறுதியானால் மனித அறிவின் வரலாற்றில் அதற்கு இணையான செய்திகள் மிகச் சிலவே இருக்கும். அந்தச் செய்தியைத் தியேட்டரில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சொன்னால்? செவ்வாயில் உயிர் இருந்ததா என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அவள் கேட்ட வாழ்க்கைக்கு விடை கிடைக்கவில்லை. இதில் ஒன்று பெரிது, மற்றது சிறிது என்பதல்ல. பாறையைத் துளைத்து அறியவேண்டிய கேள்வி ஒன்று, எந்தக் கலமும் பதில் கொண்டுவர முடியாத கேள்வி இன்னொன்று. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததால் போவியால் முதலாவதன் பிரமாண்டத்தை இரண்டாவதற்கு வாங்கிக்கொடுக்க முடிந்தது. யாரும் கவனிக்காத ஒரு பெண்ணின் தவிப்புக்குக் கிரகங்களின் அளவு இடம் தந்தார். இது விஞ்ஞானத்துக்குச் செய்த அவமரியாதை ஆகாது. அவளுக்குச் செய்த மரியாதை இது.

தலைப்பில் இருக்கும் கேள்விக்குறியையும் இதனால்தான் விட்டுவிடக் கூடாது. 2006இல் பிபிசி இந்தப் பாட்டின் பெயரில் ஒரு டெலிவிஷன் தொடரை ஒளிபரப்பியபோது கேள்விக்குறி இல்லாமல் வைத்தார்கள். விபத்தில் சிக்கிய போலீஸ் அதிகாரி 1973இல் கண்விழிக்கும் கதை அது, அதற்குப் பொருந்தலாம். பாட்டுக்கு அந்தக் குறி உயிர்நாடி. சினாட்ராவின் பாட்டு முற்றுப்புள்ளியோடு முடிகிறது, எல்லாம் செய்தாகிவிட்டது, கணக்கு தீர்ந்தது. இங்கே அதே போன்ற இசைப்படிகள் ஏறி ஏறி, பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரத்தில் போவியின் குரல் செவ்வாய் என்ற சொல்லைத் தொடும்போது வாக்கியம் முடியாமல் வானத்தில் நிற்கிறது. ரிக் வேக்மனின் பியானோ தனியாகத் தொடங்கி, மிக் ரான்ஸன் அமைத்த வயலின்களும் செல்லோக்களும் பின்னால் சேர்ந்து, ஹாலிவுட் படத்தின் கிளைமாக்ஸ்போலப் பெருகுகின்றன. முடிவில் அதிரும் டிம்பனி முரசுகள், 1968இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளிப் படத்தின் தொடக்க இசையை நினைவூட்டும். சினிமாவை அலுத்துக்கொள்ளும் பாட்டே சினிமாவைப்போல ஒலிக்கிறது. இந்தப் படத்தை எழுதியவன் நான்தான் என்று இரண்டாம் சரணத்தில் ஒப்புக்கொண்டவரின் இசை வேறு எப்படி இருக்கும்?

அந்தப் பேரோசை அடங்கிய பிறகும் இசைத்தட்டு நின்றுவிடுவதில்லை. முந்தைய முயற்சி ஒன்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டூடியோவில் எங்கோ டெலிபோன் மணி அடித்துக் கெடுத்துவிட்டது. அதே நாடாவில் மேலே மறுபடி பதிவு செய்தார்கள். பழைய பதிவு கொஞ்சம் நீளமாக இருந்ததால் அதன் வால் மட்டும் அழியாமல் தங்கிவிட்டது. கேட்டுப் பார்த்தவர்கள் அதை வெட்டாமல் விட்டார்கள். ஆகவே முரசுகள் ஓய்ந்து அமைதி வந்தபின், தூரத்தில் மெல்லப் பியானோ கேட்கிறது, டெலிபோன் மணி அடிக்கிறது, கெட்டுப்போன டேக்குக்காக ரான்ஸன் எரிச்சலோடு ஏதோ சொல்கிறார்.